நீலம் ஒரு செயலற்ற பொருள்

“அவங்களுக்கு வெள்ளை மாத்திரை ஒத்துக்கல மைனி” என்று தம்பி மனைவி ப்ரிசில்லா போனில் சொன்னபோது, ஜெசிந்தா ஆய்வுக்கூடத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியதை அவள் குப்பைக்கூடையில் எறிந்த வேகத்தைப் பார்த்து, பக்கத்து மேசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவள் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு அது. மதுரையில் அவள் தலைமையில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரே வேலைதான். பெயர்பெற்ற கம்பெனியின் மாத்திரையையும், காப்புரிமைக் காலம் முடிந்தபிறகு அதே மருந்தை வைத்து மற்றவர்கள் செய்யும் ஜெனரிக் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு, இரண்டும் ரத்தத்தில் ஒரே அளவு மருந்தை ஒரே வேகத்தில் சேர்க்கின்றனவா என்று பார்ப்பது. சேர்க்காததைத் திருப்பி அனுப்புவார்கள். சேர்ப்பது மக்கள் மருந்தகத்துக்குப் போகும். அதன்பிறகும் ஜனங்கள் வந்து, “விலை கம்மியா இருக்கே, கேக்குமா?” என்பார்கள். ரேடியோவில் பேசி, கல்லூரிகளில் பேசி, கல்யாணப் பந்தியில்கூடப் பேசி, ஜெசிந்தாவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இப்போது சொந்தத் தம்பி வீட்டிலிருந்தே அதே பாட்டு.

“எது ஒத்துக்கல? நிறமா?” என்றாள்.

“நீலம் சாப்பிடும்போது நல்லாத்தான இருந்தாங்க.”

“ப்ரிசில்லா, நீலம் மேல பூசுன சாயம். உள்ள இருக்க மருந்து ஒண்ணுதான். என் கையால டெஸ்ட் பண்ணுன மாத்திரை அது.”

“நீங்க பண்ணிருப்பீங்க மைனி. இவங்க மாவு பிசைய முடியாம நாற்காலில உக்காந்திருக்காங்களே, அதுக்கு என்ன செய்ய?”

ஜெசிந்தாவின் தம்பி கிளாட்வினுக்குத் தூத்துக்குடியில் கடற்கரை ரோட்டில் பேக்கரி. இரண்டு கிட்னியும் கைவிட்டபிறகு, கம்பெனிக்காரர்கள் தொட்டியில் வளர்த்து விற்கும் கிட்னி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டவன். ஊரில் அதற்குத் தொட்டிக் கிட்னி என்றே பெயராகிவிட்டது. உடம்பு அதை அந்நியமென்று தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். கிட்னி விற்ற கம்பெனியே செய்யும் தாரோமின் என்கிற நீல மாத்திரையைத்தான் முதலில் போட்டுக்கொண்டிருந்தான். பேக்கரி லாபமெல்லாம் அந்த நீலத்துக்கே போனது. வெள்ளை நிறத்தில் ஜெனரிக் வந்ததும் ஜெசிந்தாதான் பிடிவாதமாக மாற்ற வைத்தாள். “ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, என் தம்பி மட்டும் பேருக்குக் காசு குடுத்தா நல்லாவா இருக்கும்?” என்றுகூடக் கேட்டாள். அது ஈஸ்டர் முடிந்த சமயம்.

கிட்னிக்குள் இருந்த சிறு கருவி அதன் நிலையை அன்றாடம் போனுக்கு அனுப்பும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஈஸ்டரிலிருந்து பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, ஆடி பிறக்கும்போது மஞ்சளாகிவிட்டது.

இவன் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்றுதான் ஜெசிந்தா முதலில் நினைத்தாள். பஸ் ஏறிப் போய் எதிரே உட்காரவைத்து மாத்திரை போடச் சொன்னாள். போட்டான். டாக்டர் இலியாஸிடம் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தாள். மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு துல்லியமாக இருந்தது.

“மாத்திரைல குறை இல்ல மேடம்” என்றார் டாக்டர்.

“அது எனக்குத் தெரியும் டாக்டர். கிட்னிக்குத் தெரியலையே.”

ஆகஸ்ட்டில் மாதா கோயில் திருவிழா வந்தது. திருவிழா முடிவதற்குள் கிட்னி பச்சைக்குத் திரும்பிவிட்டது. ஜெசிந்தா ப்ரிசில்லாவைக் கூப்பிட்டு, ஒத்துக்கொள்வதாவது ஒத்துக்கொள்ளாததாவது, புது மாத்திரைக்கு உடம்பு பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டாய் என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டு வைத்தாள். ப்ரிசில்லா எல்லாவற்றுக்கும் “சரி மைனி” என்றாள். செப்டம்பரில் மறுபடியும் மஞ்சள். இந்தத் தடவை சிவப்பை ஒட்டிய மஞ்சள். கிளாட்வினுக்குக் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

கொள்கை பெரிதா, தம்பி பெரிதா என்று யோசிக்கவே அவள் நிற்கவில்லை. நீல மாத்திரையையே வாங்கிவிடலாம் என்று கடை கடையாகக் கேட்டாள். எங்கும் இல்லை. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டாள். எடுத்தது இயந்திரக் குரல், ஆனால் மனிதர்களைவிடப் பணிவு.

“தாரோமின் நீலம் தயாரிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. எங்கள் புதிய கிட்னிகளுக்கு வேறு மருந்து வந்திருக்கிறது.”

“பழைய கிட்னி வச்சிருக்கவங்க என்ன செய்யணும்?”

“ஜெனரிக் மாத்திரை எங்கள் மாத்திரைக்கு எல்லா வகையிலும் சமமானது. இதைப்பற்றி ஒரு நிபுணரின் விளக்கத்தைக் கேட்க விரும்புகிறீர்களா?”

விரும்புவதாகச் சொன்னாள். சின்ன இசைக்குப் பிறகு ஒரு பெண் பேசினாள். ‘வெள்ளையோ நீலமோ, பேர் இருந்தாலும் இல்லைன்னாலும், உடம்புக்குள்ள போற மருந்து ஒண்ணுதான். தைரியமா சாப்பிடுங்க.’ அது ஜெசிந்தாவே ரேடியோவில் பேசியது. ஜெசிந்தா போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

அக்டோபரில் கிட்னி திடீரென்று பச்சையானது. மஞ்சளானபோது வந்த எரிச்சலைவிட இது அதிகமாக எரிந்தது. காரணம் இல்லாமல் கெடுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், காரணம் இல்லாமல் சரியாவதை எந்த ஆய்வுக்கூடக்காரிதான் பொறுப்பாள். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

பேக்கரியின் பின்கட்டில் ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. துறைமுக விழாவுக்குக் கொடுத்த கேக் ஆர்டர். கப்பல் சின்னது, சுற்றியிருந்த கடல்தான் பெரிது. மேசை முழுக்க நீலக் கிரீம் அலையடித்தது. கிளாட்வின் கூம்புப் பையை அழுத்தி ஒவ்வோர் அலையாகப் போட்டுக்கொண்டும், நடுநடுவே விரலில் வழிந்ததை நக்கிக்கொண்டும் இருந்தான்.

“ஏல, டாக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னாரா, நக்கச் சொன்னாரா?”

“ருசி பாக்காம எப்படிக்கா ஆளுகளுக்குக் குடுக்க?” என்று சிரித்தான். நாக்கு நாவற்பழம் தின்றதுபோல் நீலமாக இருந்தது.

ஜெசிந்தா அந்த நாக்கையே பார்த்தாள். “திருவிழாவுக்கும் இதே கலர்தான் போட்டியா?”

“மாதா கேக்குக்கு நீலம் போடாம பச்சையா போடுவாங்க?”

சாய டப்பாவை எடுத்துப் படித்தாள். தாரோமின் மாத்திரையின் மேல்பூச்சில் இருந்த அதே சாயம். கேக்கிலும் ஐஸ்குச்சியிலும் எல்லாரும் போடுவது. மருந்துக்காரர்களின் பாஷையில் அதற்குச் செயலற்ற பொருள் என்று பெயர்.

டாக்டர் இலியாஸ் முதலில் சிரித்தார். பிறகு, செய்துதான் பார்ப்போமே என்றார். கிளாட்வினைக் கிரீம் பக்கம் அண்டவிடாமல் வைத்தார்கள். மஞ்சள் வந்தது. வெள்ளை மாத்திரையோடு ஒரு சொட்டு நீலச் சாயம் கொடுத்தார்கள். பச்சை வந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் அப்படியே நடந்தது. டாக்டர் சிரிப்பதை விட்டுவிட்டு, கிட்னி வளர்க்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்து விலகிய தன் பழைய நண்பரிடம் விசாரித்துவிட்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

“தொட்டியில கிட்னி வளரும்போதே அதுக்கு இந்த மருந்தைப் பழக்குவாங்களாம் மேடம். தனியா மருந்துத் தூள் வாங்கிக் கலக்கணும். இவங்க என்ன செஞ்சிருக்காங்க, சொந்த மாத்திரைதான கிடக்குன்னு அப்படியே கரைச்சு ஊத்திருக்காங்க. சாயத்தோட.”

“அதனால?”

“பிறந்ததுலருந்து அந்த அணுக்களுக்கு மருந்து வந்தா நீலமும் கூடவே வரும். இப்ப நீலம் இல்லாம மருந்து வந்தா, யாரோன்னு நினைச்சுக் கதவைத் திறக்க மாட்டேங்குது. மருந்து ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்கு, கிட்னிக்குள்ள போகல. வேணும்னு யாரும் செய்யல. அவங்களுக்கே தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.”

“மனுஷங்ககிட்ட வாங்கி வச்ச கிட்னிக்கு?”

“அதுக்கு நீலமும் ஒண்ணு, வெள்ளையும் ஒண்ணு. நீங்க சொன்னதுல தப்பே இல்ல. இந்தத் தொட்டிக் கிட்னி ஒண்ணுக்குத்தான் இந்தப் பாடு.”

தப்பில்லை என்று கேட்டதும் அவளுக்கு ஆறுதல் வரவில்லை. பழைய தொட்டிக் கிட்னியோடு ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். எத்தனை பேர் இந்நேரம் மஞ்சளிலும் சிவப்பிலும் படுத்துக்கொண்டு, தன் குரலைக் கேட்டுத் தைரியமாக வெள்ளை மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ.

சென்னையில் ஒரு விசாரணைக் குழுவைக் கூட்ட வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கூடிய அன்று நீளமான மேசையின் ஒரு பக்கம் கம்பெனி வக்கீல் அனிருத்தன். எதிர்ப்பக்கம் ஜெனரிக் மாத்திரை செய்யும் ஓசூர்க்காரர் முனிரத்தினம். நடுவில் தலைவர், காதுக்கருவியைச் சரிசெய்தபடி.

“மேடம், உங்க ஆய்வுக்கூடமே சொல்லியிருக்கு, எங்க மாத்திரையும் ஜெனரிக்கும் சமம்னு” என்றார் அனிருத்தன். “எங்க கம்பெனி அதை முழு மனசோட ஏத்துக்குது.”

பெரிய கம்பெனி ஒன்றின் வாயிலிருந்து இந்த வார்த்தை வராதா என்று வேலைக்காலம் முழுக்க ஏங்கியவள் அவள். வந்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“சமம்தான் சார். உங்க தொட்டியில வளர்ந்த கிட்னிக்கு மட்டும் சமம் இல்ல.”

“அப்படின்னா சாயம் மருந்துன்னு ஆகும். சாயம் மருந்து இல்லைன்னு அரசாங்கமே ஒப்புதல் குடுத்திருக்கு.”

“சரி, இவரு தன் மாத்திரையில நீலம் சேர்த்துக்கட்டும்.”

முனிரத்தினம் பதறிப்போய் எழுந்தார். “ஐயையோ, அந்த நீலம் அவங்க பதிவு பண்ணின அடையாளம் மேடம். சேர்த்தா என்மேல கேஸ் போடுவாங்க.”

“போடுவோம்” என்றார் அனிருத்தன், கொஞ்சம் வருத்தத்தோடு. “நிறத்தைப் பாத்துத்தான் ஜனங்க எங்களை அடையாளம் கண்டுக்கறாங்க.”

“அந்த மாத்திரையைத்தான் நிறுத்திட்டீங்களே சார்.”

“மாத்திரையை நிறுத்தினோம் மேடம். நிறத்தை நிறுத்தல.”

ஜெசிந்தா தலைவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். செயலற்ற பொருளின் செயலைப் பற்றி விசாரிக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்றும், நீலம் சேர்த்த மாத்திரையைப் புது மருந்தாகக் கருதி விண்ணப்பித்தால் சில வருஷங்களில் முடிவு தெரியும் என்றும் சொன்னார். அதுவரைக்கும் நோயாளிகள் என்ன செய்வது என்று கேட்டாள். “கேக் சாப்பிட யாரும் தடை சொல்லலையே அம்மா” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. வழி காட்டிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

வெளியே வந்தவளை டிவிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். தொட்டிக் கிட்னி, சாயம், தொட்டியில் கரைத்த மாத்திரை என்று முழுசாகச் சொன்னாள். இயற்கைக் கிட்னி உள்ளவர்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னாள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் ஜெனரிக் மாத்திரைகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். சாயங்காலம் ஓடிய செய்தி: ‘ஜெனரிக் வேலை செய்யாது: ஆய்வுக்கூடத் தலைவரே ஒப்புதல்.’

அந்த வாரம் மதுரையில் அவள் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி மரியசிங்கம், வாய் கோணி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டிவி பார்த்த அன்றே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். பெயருள்ள மாத்திரை வாங்கக் கட்டுப்படியாகாமல், எதையுமே போடாமல் இருந்திருக்கிறார். பார்க்கப் போன ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குழறிய நாக்கோடு, “நீங்க சொன்னீங்களேம்மா” என்றார். எதைச் சொன்னேன், எப்போது சொன்னேன் என்று அவரிடம் வாதாடவா முடியும். தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

மாத்திரைக்குத்தான் வழியில்லை. மிட்டாய்க்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். டாக்டர் இலியாஸிடம் அளவு கேட்டுக்கொண்டு, கிளாட்வின் சுண்டுவிரல் நகமளவு நீல மிட்டாய் செய்தான். மாத்திரையோடு ஒன்று சப்ப வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் சீட்டில் எழுத முடியாது என்பதால் வாயால் சொல்லி அனுப்பினார். முதலில் தூத்துக்குடிக்காரர்கள் வந்தார்கள். பிறகு நாகர்கோவிலிலிருந்து, சேலத்திலிருந்து, கொழும்பிலிருந்துகூட ஆள் வந்தது. மஞ்சளாகக் கிடந்தவர்கள் பச்சையாகி, நன்றி சொல்லக் குடும்பத்தோடு வந்தார்கள். ஜெசிந்தாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. கிளாட்வின் கால் வீக்கம் வடிந்து, பழையபடி மாவு பிசைந்தான்.

பொங்கலுக்கு அவள் போனபோது கடை வாசலில் புதுப் பலகை இருந்தது. ‘கிளாட்வின் ஒரிஜினல் நீல மிட்டாய். போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.’

“யாரு போலி?” என்றாள்.

“பாளையங்கோட்டைல ஒருத்தன் ஆரம்பிச்சிருக்கான்க்கா” என்றான் கிளாட்வின். “பாதி விலைக்கு விக்கான்.”

“அதே சாயம்தான?”

“சாயம் அதேதான். பாகு பதம் வேற. கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குல்லா.”

“ஏல, கிட்னிக்கு உன் கைப்பக்குவம் தெரியுமா?”

ப்ரிசில்லா உள்ளேயிருந்து வந்தாள். “அப்படிச் சொல்லாதீங்க மைனி. அந்த மிட்டாய் சாப்பிட்டவங்களுக்கு ஒத்துக்கலன்னு நாலு பேரு வந்து சொல்லுதாங்க.”

ஜெசிந்தா இரண்டு கடை மிட்டாயிலும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மதுரைக்குத் திரும்பினாள். அவள் செய்ததிலேயே சுலபமான ஆய்வு அது. இரண்டிலும் சாயம் ஒரே அளவு இருந்தது, ஒரே வேகத்தில் கரைந்தது. பாளையங்கோட்டை மிட்டாயில் சீனி கொஞ்சம் குறைவு, அது நல்லதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோ நிகழ்ச்சிக்குப் போகுமுன் கிளாட்வின் போன் செய்தான்.

“அக்கா, ஒரே ஒரு வார்த்தை. நம்ம மிட்டாய்தான் ஒரிஜினல்னு சொல்லிரு. பொய் இல்லல்லா அது.”

“ஒரிஜினல்தான், பொய் இல்ல. ஆனா அவங்க என்ன கேப்பாங்கன்னு உனக்குத் தெரியும்.”

“உன் தம்பி பொழைக்கணுமா வேண்டாமா?”

நேரமாகிவிட்டது என்று அவள் போனை வைத்தாள். எதிர்பார்த்தபடியே தென்காசியிலிருந்து ஒரு பெண் நிகழ்ச்சியில் பேசினாள். அவள் கணவருக்குத் தொட்டிக் கிட்னி. தூத்துக்குடி மிட்டாய்க்குக் கட்டுப்படியாகவில்லை, பாளையங்கோட்டை மிட்டாயைக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

“கொடுங்கம்மா. ரெண்டையும் நானே பாத்துட்டேன். கிட்னிக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள் ஜெசிந்தா. “தூத்துக்குடிக் கடை என் தம்பியோடது. அதையும் தெரிஞ்சுக்கோங்க.”

தூத்துக்குடியில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. கிளாட்வின் அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். தவக்காலம் முழுக்க அவள் கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஈஸ்டருக்கு உறவு ஒன்று விடாமல் மக்ரூன் டப்பா அனுப்பினான், மதுரைக்கு மட்டும் அனுப்பவில்லை. அன்று சாயங்காலம் ப்ரிசில்லா மாடிக்குப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு போன் செய்தாள்.

“மைனி, தப்பா எடுத்துக்காதீங்க. காலைலருந்து இவங்க உங்களைத் திட்டிக்கிட்டே இருக்காங்க. நாற்காலில உக்காராம அடுப்படில நின்னு, மாவைப் போட்டு அடிச்சு அடிச்சு, வாரவங்க போறவங்க எல்லாருட்டயும் சொல்லித் திட்டுதாங்க. வாயே மூட மாட்டேங்குதாங்க.”

ஜெசிந்தா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சத்தமாத் திட்டுதானா?”

“தெருமுனை வரைக்கும் கேக்குது மைனி.”

“திட்டட்டும் ப்ரிசில்லா” என்றாள். “கொஞ்சம் போனை அந்தப் பக்கம் காட்டு, நானும் கேக்கேன்.”